ஒழுக்குப் பார்க்க வந்தவர்

மாமா,

நேற்றுப் பின்னேரம் இந்த மாரிகாலத்தின் முதல் மழை பெய்தது. பரணில் உங்கள் கட்டிலின் கால்மாட்டில் எனாமல் பேசினை வைத்துவிட்டுப் பக்கத்தில் சம்மணமிட்டுக் காத்திருந்தேன். அரை மணித்தியாலம் அடித்துப் பெய்த மழையில் பேசினுக்குள் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வேறு எவனாவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். நானோ ஐம்பது வயதில், ஒழுகாத கூரைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அதற்கான காரணத்தை நீங்கள் இருக்கும்போது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருடம் எங்கள் கல்யாணம். அவனுடைய பண்டகசாலையைக் காலமெல்லாம் பொறுப்பாகப் பார்த்த நீங்கள், அந்தச் சம்பளத்தில் கட்டிய ஒரே வீட்டை ஒரே மகள் சரோவுக்குச் சீதனமாக எழுதினீர்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளை அங்கே போய்ச் சேர வேண்டும். நான் வெருகலில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். வீட்டைக் கொடுத்த தாய் தகப்பன் அதிலேயே ஓர் அறையில் ஒதுங்கிக்கொள்வதையும் யாரும் குறையாக நினைப்பதில்லை. மாமி முன்பே காலமாகி, நீங்கள் தனி ஆள் வேறு. ஆனால் நாலாம் நாள் காலையில் வெற்றிலைத் தட்டில் வீட்டுத் திறப்புக் கொத்தை வைத்து என்னிடம் நீட்டினீர்கள். பாலையூற்றில் இரண்டு அறை உள்ள சின்ன வீடொன்றை உங்களுக்கென்று, எங்களுக்குத் தெரியாமலே பார்த்து வைத்திருந்தீர்கள்.

"குடுத்தது குடுத்ததுதான், தம்பி. குடுத்த வீட்டில நான் படுத்தெழும்பினால் அது குடுத்த மாதிரி இராது" என்றீர்கள்.

அதற்குப் பிறகு கிழமையில் நாலு நாள் சைக்கிளில் வந்தீர்கள். பேத்தி வதனியை மடியில் வைத்துச் சோறு ஊட்டினீர்கள். என்ன மழை, என்ன புயல் என்றாலும் விளக்கு வைக்க முன் கிளம்பிவிடுவீர்கள். சரோ வாசலில் நின்று கெஞ்சுவாள். உங்கள் பிடிவாதத்தை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஒரு கார்த்திகை மழையில் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து, காய்ச்சலும் தொய்வு இழுப்புமாக இரண்டு நாள் அந்த வீட்டில் தனியாகக் கிடந்தீர்கள். நாங்கள் அறிந்து ஓடி வந்தபோது உங்களுக்கு மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, சரோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு மாரிக்கு அப்பா அங்க தனியப் படுத்தால் நான் அவரை உயிரோட பார்க்கமாட்டன். ஏதாவது செய்யுங்கோ."

அப்போதுதான் பரண் என் கண்ணில் பட்டது. ஓட்டுக் கூரைக்குக் கீழே, பலகைத் தட்டுக்கு மேலே, எலிகளும் உடைந்த கதிரைகளும் குடியிருந்த இடம். வீட்டுக்குள்ளேயே என்றாலும் வீட்டாரின் புழக்கம் இல்லாத இடம். அங்கே ஓர் அறை அமைத்தால் உங்கள் வைராக்கியத்துக்கும் குறை வராது என்று என் மூளை கணக்குப் போட்டது. கிண்ணியாவில் இருந்து காசிம் ஓடாவியை மர வேலைக்குக் கூட்டி வந்தேன். உங்களிடம் மட்டும், கொழும்பில் இருந்து என்னோடு கந்தோரில் வேலை செய்த சிநேகிதர்கள் வந்தால் தங்குவதற்கு என்று புளுகினேன்.

வேலை தொடங்கியபோது நீங்கள் தேறியிருந்தீர்கள்; உங்களைப் பாலையூற்றில் பிடித்து வைக்க ஏலாமல் போயிற்று. காலையில் எங்களுக்கு முன் பரணில் நிற்பீர்கள். ஓட்டுச் சூடு இறங்காமலிருக்க, கூரைக்கும் அதன் கீழ் அடித்த புதுப் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுத் தடித்த படங்குத் துணி இழுத்துக் கட்டச் சொன்னது நீங்கள். முகட்டுச் சுவரை வெட்டி, துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு யன்னல் வைக்கச் சொன்னதும் நீங்கள். "கட்டிலில படுத்துக்கொண்டே கப்பல் தெரியவேணும். இல்லாட்டி திருகோணமலைக்கு என்னத்துக்கு வாறான்?" என்றீர்கள். வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு. சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. உங்கள் பழைய களஞ்சியத்துப் பித்தளைக் கொளுக்கிகளைத் தேடி எடுத்து வந்து, சட்டை மாட்டுவதற்கென்று நீங்களே அடித்தீர்கள்.

எனக்கோ உங்கள் முழங்காலைப் பற்றித்தான் யோசனை. நிமிர்ந்த ஏணியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த படிகள் வைத்து, இரண்டு பக்கமும் கைபிடி போடச் சொன்னேன். நீங்கள் ஓடாவியைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"என்ன காசிம், கொழும்பில இருந்து வாறவங்கள் எல்லாருக்கும் முழங்கால் வாதமோ?"

"எனக்கென்ன தெரியும் ஐயா. கட்டிலையும் ஆறரை அடி நீளத்துக்குச் செய்யச் சொல்றார். ஒங்கட உசரத்துல ஆரோ வாறாங்க போல" என்றார் ஓடாவி, என் பக்கம் திரும்பாமல்.

அன்றைக்கே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை என்றே நான் நம்பினேன். கட்டில் தயாரானதும், "கொஞ்சம் படுத்துப் பாருங்கோ மாமா, நீளம் காணுமோ எண்டு" என்றேன். படுத்தீர்கள். யன்னலால் கப்பலைப் பார்த்தீர்கள். கைகளைத் தலைக்குக் கீழே கோத்துக்கொண்டீர்கள். உங்கள் முகத்தில் இருந்த அமைதியைக் கண்டு நான் அவசரப்பட்டுவிட்டேன்.

"இது உங்களுக்குத்தான் மாமா. இனி மழைக்குப் போகவேண்டாம். இது விருந்தாளி அறை, நீங்கள் எப்பவும் வந்து தங்கலாம்."

எழுந்து உட்கார்ந்தீர்கள். சால்வையை எடுத்துத் தோளில் போட்டீர்கள்.

"இந்த வீட்டின்ர அத்திவாரக் கல்லு நான் சுமந்தது. அதில நான் விருந்தாளியோ?"

அவ்வளவுதான். கைபிடியைத் தொடாமலே படியிறங்கிப் போய்விட்டீர்கள். குசினியில் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்த சரோ அகப்பையோடு வெளியே ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டதும், "இத்தனை மாசத்து வேலையை ஒரு சொல்லில கெடுத்துப்போட்டியள்" என்றாள். அவள் சொன்னது நியாயம். கொடுத்தவர் என்று நிமிர்ந்து நின்ற மனிதரை நான் வந்து போகிறவராக்கிவிட்டேன். வேறு எந்த ஊரில் என்றாலும் அது அன்பான சொல்லாக இருந்திருக்கும். எங்கள் ஊரில், மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்ணமாகத் தனியே வாழ்ந்த தகப்பனுக்கு அது அடி.

ஆறு மாதம் நீங்கள் வரவில்லை. ஐப்பசி பிறந்தது, மேகம் கூடத் தொடங்கியது. நான் பாலையூற்றுக்கு வந்து உங்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தீர்கள், மனம் தரவில்லை. எழுந்து வாசல் படலை வரை போனவன், என்ன தோன்றியதோ, திரும்பி நின்று சொன்னேன்: "பரண் ஒழுகுது மாமா. ஓடாவிக்கும் பிடிபடேல்லை."

உங்கள் முதுகு நிமிர்ந்தது. "எங்க ஒழுகுது?"

"தெரியேல்லை. மழை பெய்யேக்க ஆராவது அங்கேயே கிடந்து பார்த்தால்தான் பிடிக்கலாம்."

"உனக்கு ஓட்டைப் பற்றி என்ன தெரியும்? நாளைக்கு வாறன்."

ஒழுக்கு என்பது பச்சைப் பொய், மாமா. அன்றைக்குச் சைக்கிளை நான் மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். வந்த கையோடு பரணில் ஏறி, சுண்ணாம்புச் சுவரில் கையூன்றிக் கட்டிலில் நின்று, கால்மாட்டுக்கு மேலே புதுப் பலகையில் ஒன்றைக் கழற்றி, படங்கை விலக்கிக் கையை உள்ளே விட்டு, கூரை ஓடு ஒன்றை இரண்டு விரல் அளவு தள்ளி வைத்தேன்.

மறுநாள் ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தீர்கள். சரோ, "தலைகாணி இஞ்ச இருக்கே அப்பா" என்றாள். "விருந்தாளிக்குத்தான் தலைகாணி குடுக்கிறது. நான் வேலையா வந்தனான்" என்றீர்கள். மழை வந்தது, பேசினில் சொட்டியது. சொட்டைப் பிடிக்க உங்களுக்குப் பத்து நாள் எடுத்தது. சரிசெய்தது நிற்கிறதா என்று பார்க்கத் தை மாதம் வரை தங்கினீர்கள்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் ஒழுகியது. அதற்கடுத்த ஐப்பசியிலும். பதினான்கு மாரி நீங்கள் அந்தக் கட்டிலில் படுத்தீர்கள். ஒரு மாரிக்காவது தொய்வு உங்களைத் தனியாகப் பிடிக்கவில்லை. வதனி அந்த யன்னலடியில்தான் உங்களிடம் கப்பல் கொடிகளின் பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள்.

ஆனால் போன வைகாசியில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், பாலையூற்று வீட்டில் தனியாக இருந்து போய்விட்டீர்கள். கோடையில் உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, மாமா. பதினான்கு வருடம் யோசித்தும் கிடைக்கவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

நேற்று நான் அழுத சத்தம் கேட்டுச் சரோ மேலே வந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பலகையைக் கழற்றியது, ஓட்டைத் தள்ளியது, வருடா வருடம் உங்களை ஏமாற்றியது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கு முதல் வருசமே தெரியும்" என்றாள். "பலகையில உங்கட சுண்ணாம்புக் கை அடையாளம் இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சவர். நான் உங்களுக்குச் சொல்லப் போறன் எண்டன். வாயைப் பொத்திப்போட்டார்."

"ஏன்?"

"'சொல்லிப்போடாதை பிள்ளை. சொன்னால் பிறகு நான் என்னெண்டு வாறது?' எண்டவர்."

வருகிற தையில் வதனிக்குக் கல்யாணம். வீட்டை அவளுக்கு எழுதியாயிற்று. நானும் சரோவும் உங்கள் பாலையூற்று வீட்டுக்குப் போகிறோம். பிடிவாதம் பற்றி நான் இனி வாய் திறக்கப் போவதில்லை. இன்று காலை மாப்பிள்ளைப் பையன் வீடு பார்க்க வந்திருந்தான். அவனைப் பரணுக்குக் கூட்டிப்போய், கால்மாட்டுப் பலகையைக் கழற்றி அந்த ஓட்டைக் காட்டினேன். "இது கொஞ்சம் தள்ளினாலும் ஒழுகும், தம்பி. ஐப்பசியில கவனம்" என்றேன். நல்ல பையன். சீமெந்து வைத்து இறுக்கிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் முதல் நாள் கொண்டுவந்த தலையணையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். அதைப் பாலையூற்றுக்குக் கொண்டு போகிறேன். அடுத்த மாரிக்கு, கூப்பிட்டால், கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவேன்.