இனி என் பேரில் பாடுவேன்

ஜனவரி 19, ஞாயிறு

பென்னலூர் ரூமில் ஒத்திகை. ஆறு வருஷமாக எங்கள் ராக் பேண்டுக்கு முன்னால் நின்று பாடுகிறவன் நான். இப்போது ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியே ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஒரே நிபந்தனை: பாஞ்சாலியக்கா பாட்டு கூடாது. பக்கத்து லைனில் வேலை பார்த்தவள், பிரஸ் மிஷினில் இரண்டு விரலைக் கொடுத்தவள். அவளைப் பற்றி நான் எழுதிய பாட்டு.

கிடார் வாசிக்கும் அஸ்வின் தலையைக் குனிந்துகொண்டே, "ஒரு பாட்டுதானே மச்சான், வுட்று" என்றான்.

"பாட்டு இல்லன்னா நானும் இல்ல."

மைக்கைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 21

வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அஸ்வின் போன். பேண்டு பேரும் ட்யூனும் அவனுடையவையாம், எங்கேயும் நான் பாடக் கூடாதாம். ட்யூன் அவன் போட்டதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வைத்துக்கொள்ளட்டும், நான் வேறு ட்யூன் போட்டுக்கொள்கிறேன். வார்த்தை என்னுது. தொண்டை என்னுது! கிடாரில் எனக்கு நாலு கார்டுதான் பிடிக்கத் தெரியும் — நாலு போதும்.

தனியாகப் பாடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ரஞ்சனி சிரித்தாள். "பின்னாடி மூணு பேர் நின்னாதான் உனுக்குப் பாட்டு வருமா? பாடுய்யா."

பிப்ரவரி 9, ஞாயிறு

வடக்குப்பட்டு போய் அவள் பாட்டுக்காக பேண்டை விட்டதை பாஞ்சாலியக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"என்னிய ஒரு வார்த்த கேட்டியா? வெரலு போச்சு, வெரலு போச்சுன்னு ஊரு ஊரா அழுதுகினு கீற. நான் அழுதன்னு உனுக்கு யாரு சொன்னது? கை உள்ள போனா மிஷினை நிறுத்துற சென்சாரைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னாங்களே, அத்த எழுத மாட்டியா?"

இரண்டு வருஷமாக அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளாவது அவளைக் கேட்டேனா? தூ.

பிப்ரவரி 13

கம்பெனி பஸ்ஸில் பழைய பாட்டு முழுவதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். புது முதல் வரி: 'மிஷினோட கண்ணைக் கட்டினது யாரு?'

மார்ச் 5

சூப்பர்வைசர் வரதராஜுலு கூப்பிட்டார். மணிமங்கலம் மண்டபத்தில் நான் பாடப்போவதற்கான நோட்டீஸ் அவர் கையில்.

"இன்னா கோதண்டராமா, வேலை வேணுமா, பாட்டு வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார்."

ஏன் இப்படிச் சொன்னேன்? ரெண்டும் வேணும். அவ்ளோதான்.

மார்ச் 16, ஞாயிறு

இருநூறு நாற்காலி, முப்பது பேர். எனக்குப் பின்னால் யாருமில்லை, முதுகு சில்லென்றிருந்தது. இரண்டு இடத்தில் கார்டு தப்பியது. நிறுத்தவில்லை.

கடைசியாக அந்தப் பாட்டு. முடித்ததும் முன்வரிசையிலிருந்து பாஞ்சாலியக்கா எழுந்தாள்.

"ரெண்டாவது வரி தப்பு தம்பி. நான் மொதல்ல கத்தல. மொதல்ல மிஷினை நிறுத்தினேன். பக்கத்துல இன்னொரு பொண்ணு உள்ள கை வெச்சிகினு இருந்தா."

வரியை அங்கேயே மாற்றி இன்னொரு தரம் பாடினேன். முடியும்வரை அவள் உட்காரவில்லை.

மார்ச் 24

லைனிலிருந்து எடுத்து என்னை ஸ்டோருக்குப் போட்டுவிட்டார்கள். போடட்டும்.

மதியம் ரேக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பெட்டி அடுக்கிக்கொண்டே என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். யாரென்று தெரியவில்லை. மண்டபத்துக்கு வந்தவளா, யாராவது போனில் அனுப்பினார்களா? எட்டிப் பார்க்காமல் நின்று கேட்டேன்.

இரண்டாவது வரியைச் சரியாகப் பாடினாள்.