கன்வெர்ட்டர் எரிந்த பழி

அத்தான்,

கன்வெர்ட்டரை எரித்தது நீங்கள். எரித்தவன் நான் என்று ஊரை நம்ப வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்று காலை என் பட்டறைக்கு ஒரு கிணற்று மோட்டார் பழுது பார்க்க வந்தது. மூடியைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாடை. உங்கள் சாவுச் செய்திக்குக் கலங்காத கண், அந்த வாடைக்கு எரிந்தது.

பழைய அமெரிக்க நூல் சுற்றும் இயந்திரங்கள் நான்கை வாங்கிப் போட்டிருந்தீர்கள். அவை வினாடிக்கு அறுபது சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்தவை. சங்கரன்கோவிலுக்கு வருவதோ ஐம்பது. அதை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் வாங்க மதுரைக்குப் போனோம். நான் பெரியதைக் காட்டினேன்.

“ஓடுத லோடு வேற, கெளம்புத லோடு வேற அத்தான். கெளம்பும்போது மோட்டாரு அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். சின்னதுதான் வேணும்னா மிஷினை ஒவ்வொண்ணாத்தான் போடணும்.”

கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். “நம்ம மச்சினருக்கு எரிஞ்ச மோட்டாருதான்வே வாத்தியாரு!” இருவரும் சிரித்தீர்கள். சின்னதுதான் வந்தது.

ஆடித்தபசுத் திருவிழா அன்று இயந்திரங்களை ஓட்டித் தொடக்கம். ஜோசியர் குறித்த நேரம் முடியப்போகிறது என்று நான்கையும் ஒன்றாகப் போடச் சொன்னீர்கள். ஃபியூஸ் போனது.

“இப்பமாவது ஒவ்வொண்ணாப் போடுவோம்” என்றேன்.

“அதுக்குள்ள ராகுகாலம் வந்துரும் வே! ஏலே மாடசாமி, ஃபியூஸுக்குத் தடிக் கம்பியாப் பார்த்துப் போடுலே!”

உங்கள் மேஸ்திரி மாடசாமி போட்டான். இம்முறை ஃபியூஸ் தாங்கியது, கன்வெர்ட்டர் தாங்கவில்லை. புகைக்குள் நின்றபடி, சொந்தபந்தம் கேட்க என்னைக் காட்டினீர்கள்: “வயரை மாத்திக் குடுத்துட்டாம்யா, படுபாவி!” மாடசாமி வாய் திறக்கவில்லை. உங்கள் மனைவி, என் அக்கா, தரையைப் பார்த்தாள்.

அதன்பின் ஊரில் தறிக்காரர் ஒருவரும் பழுது பார்க்க என்னிடம் மோட்டார் தரவில்லை. திருவேங்கடம் போய்த்தான் பட்டறை போட்டேன். படுக்கையில் விழுந்ததும் ஆள் அனுப்பினீர்கள். நான் வரவில்லை. பழி சொன்ன வாயில் பால் ஊற்ற எனக்குக் கை எழாது. அந்தச் சொல்லை இன்னும் சுமக்கிறேன்.

நாளை மறுநாள் உங்கள் பதினாறாம் நாள் காரியம். தடிக் கம்பியைப் போடச் சொன்னது யார் என்று மாடசாமி கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். என் தம்பி மேல் தப்பில்லை என்று அக்கா நிமிர்ந்து சொல்ல வேண்டும். உங்கள் மகன் அதைத் தறிக்காரர்களிடம் தன் வாயால் சொல்லி வர வேண்டும். அப்புறம் தாய்மாமன் முறைக்கு நான் வந்து அவன் தலையில் உருமாத் துணி கட்டுவேன். இல்லையென்றால் உங்கள் வாரிசு சபையில் வெறுந்தலையோடு நிற்கட்டும்.