சத்தம் போடாத லேப்டாப்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், டிரைவிங் ஸ்கூல் கார் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்றும், ஜன்னல் உள்ள அறை கிடைத்திருக்கிறது என்றும் அம்மா சொன்னாள். என் போனை நீ எடுப்பதில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் போனில் பேசினால் போனே தேவையில்லை, அடுத்த ஊருக்கு நேராகவே கேட்கும் என்று நீதான் சொல்வாய். கடிதத்தில் எனக்குக் கத்தத் தெரியாது. அதனால்தான் பேனா. லைசென்ஸ் பாரத்தைத் தவிர நான் வேறு எதையும் எழுதிப் பல காலம் ஆகிறது. பழக்கதோஷத்தில் என் ரத்த வகையையும் சேர்த்து எழுதிவிட்டால் கண்டுகொள்ளாதே.

அன்று நடந்ததை நீ முழுசாகக் கேட்காமலே கிளம்பிப் போய்விட்டாய். அம்மா சொல்லும் கதையில் நான் வில்லன். என் கதையிலும் நான்தான் வில்லன், ஆனால் கொஞ்சம் அசட்டு வில்லன்.

மறுநாள் நம்மிடம் ஓட்டக் கற்கிறவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். சாலைக் குறிகளைச் சொல்லித்தரும் நம்முடைய அட்டை வெயிலில் வெளுத்துப்போய், எந்தக் குறி எது என்று எனக்கே தெரியவில்லை. உன் லேப்டாப் மேஜை மேல் இருந்தது. நீ குளிக்கப் போயிருந்தாய். கலரில் பெரிதாகக் காட்டினால் நம் ஸ்கூலுக்கும் ஒரு மதிப்பு வருமே என்று தோன்றியது. நீ தலை துவட்டி வருவதற்குள் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்துப் போய்ப் பின் சீட்டில் வைத்தேன். ஓட்டியது நம்மிடம் வண்டி பழகும் அந்தத் தையல்கார அம்மா. தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார், நிதானமாகக் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சொல்லிக்கொடுப்பவன் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பது உனக்குத் தெரியும். அதை ஓங்கி மிதித்தேன். கார் அப்படியே நின்றது. நாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பின் சீட்டில் இருந்தது மட்டும் நிற்கவில்லை. பறந்து வந்து கியர் கம்பியில் மோதி என் காலடியில் விழுந்தது. என் தண்ணீர் பாட்டிலும் பின்னாலேயே வந்து அதன் மேல் திறந்துகொண்டது.

"நாந்தான் பிரேக் போட்டேனே மாஸ்டர், நீங்க எதுக்கு மிதிச்சீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நான் குனிந்து பாட்டிலை மூடினேன்.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டிவிட்டு, நீ திட்டுவாய் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீ திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதைத் துடைத்தாய். உன் முடியிலிருந்து சொட்டிய தண்ணீரும் அதன் மேலேயே விழுந்தது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "டைப் அடிச்சதுதானேம்மா, மறுபடி அடிச்சுக்கலாம்" என்றேன். அப்போதுதான் நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

போகட்டும். நடந்ததற்குப் பரிகாரம் செய்யத்தான் இந்தக் கடிதம். கையில் இருந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்றும், இப்போது நீ ஏதோ கம்பெனியில் அவர்கள் மெஷினில் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு உட்கார்ந்து வேலை செய்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். உனக்கென்று ஒரு லேப்டாப் இருந்தால் உன் வேலையை நீயே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? நான் வாங்கி அனுப்புகிறேன். அம்மா "அவளக் கேக்காம எதையாவது தூக்கிட்டு வந்து நிக்காதீங்க" என்கிறாள். எனக்கு மெஷின் தெரியாதா? நல்ல கனமாக, கீழே விழுந்தாலும் தரைக்கு வலிக்கிற மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார். நீ பார்ப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கால் சும்மா இருக்காத உன் அப்பா


வியாழன், காலை

அன்பு மகளுக்கு,

முதல் கடிதம் வந்திருக்கும். பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரிடம் விசாரித்தேன். "மாஸ்டர், வந்தா நானே ஹாரன் அடிக்கறேன்" என்றார். ஹாரன் என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

கடைக்குப் போனேன். நான் பார்த்து வைத்திருந்த கனமான லேப்டாப்பைக் காட்டி, இதைக் கட்டிக்கொடும்மா என்றேன். அங்கே இருந்த பெண் உடனே எடுத்துக் கொடுத்திருக்கலாம், அவளுக்கு விற்பனை, எனக்கு நிம்மதி. அதை விட்டுவிட்டு, "என்ன வேலைக்கு சார்?" என்று கேட்டாள். மகளுக்கு என்றேன். "சரி சார், மக என்ன வேலை பண்றாங்க?" என்றாள். கம்ப்யூட்டர் வேலை என்றேன். சிரித்துவிட்டாள். "கம்ப்யூட்டர்ல பண்றது எல்லாமே கம்ப்யூட்டர் வேலைதான் சார். படம் வரைவாங்களா, வீடியோ பண்ணுவாங்களா, கணக்கு வேலையா?" நான் அவளுடைய மேஜையைப் பார்த்துக்கொண்டே, டைப் அடிப்பாள் என்றேன். அப்புறம், காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே அடிப்பாள் என்றேன். எதற்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள் என்றாள். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி கற்றுக்கொள்ள யார் வந்தாலும், எதற்கு ஓட்டப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். தையல்கார அம்மாவுக்குத் துணி மூட்டை ஏற்றி இறக்க வேண்டும், அதனால் ரிவர்ஸ் எடுக்க நன்றாகப் பழக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஊரார் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை உன்னிடம் மட்டும் நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். "புத்தகம் வாசிக்கறா. கண்ணு தெரியாதவங்க கேக்கறதுக்குன்னு கதப்புத்தகத்த வாசிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்கறா. இத்தன வருஷமா ஒரே வீட்டுல இருந்துட்டு இப்ப வந்து கேக்கறீங்க" என்றாள். துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து நீ வாசித்ததாகச் சொன்னாள். அலமாரிக்குள் நீ முணுமுணுப்பதை நானும் கேட்டிருக்கிறேன், மகளே. எவனோடோ போன் பேசுகிறாய் என்று நினைத்தேன். ஒருநாள் கதவில் காதை வைத்துக் கேட்டேன். 'அவன் அவள் கையை விடவேயில்லை' என்றாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. எந்தக் கதையில் எந்தப் படுபாவி எவள் கையைப் பிடித்தானோ, நான் மறுநாளெல்லாம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயும் அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாய். தலைவலி என்றேன்.

அப்புறம் அம்மா இன்னொன்றும் சொன்னாள். "அவ வேலையில பாதி வாசிக்கறது. மீதிப் பாதி, நீங்க வாசல்ல வந்து அடிக்கற ஹாரன அதுல இருந்து அழிக்கறது."

மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை தெரிந்துகொண்டு போனேன். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டதும், "இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?" என்று நான் பார்த்து வைத்திருந்ததைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். அதன் உள்ளே இருக்கும் ஃபேன் சூடு ஏறினால் மாவு மில் மாதிரி இரையுமாம். குரலைப் பதிவு செய்கிறவர்களுக்கு அது ஆகவே ஆகாதாம். அவர்களுக்கு வேண்டியது சத்தம் போடாத லேப்டாப். கனம் முக்கியமில்லை, பளபளப்பு முக்கியமில்லை. ஒரே நேரத்தில் நிறையக் குரல் துண்டுகளைத் திறந்து வைத்து வெட்டி ஒட்டினாலும் திணறக் கூடாது, மைக்கைச் செருகத் தோதான இடம் வேண்டும், நீ இருக்கிற ஊரிலேயே சர்வீஸ் சென்டர் வேண்டும். எது வாங்கினாலும் செய்த வேலைக்கு ஒரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். "மெஷின் எவ்ளோ நல்லதா இருந்தாலும் வீட்டுல மனுஷங்க இருப்பாங்கல்ல சார்" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு லேப்டாப் மேலும் காதை வைத்துக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "என்ன அங்கிள், நாடி பாக்கறீங்களா?" என்றார். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று ஃபேனே இல்லாதது, இன்னொன்றில் இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். இரண்டின் பெயரையும் அந்தப் பெண்ணையே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லி இதோடு வைத்திருக்கிறேன்.

வாங்கவில்லை. கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன். ஓட்டப் போகிறவள் நீ. இரண்டும் வேண்டாம் என்றாலும் சரி, மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாலும் சரி. என் கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ரிப்பேர்காரர் கூப்பிட்டார். உடைந்ததை அவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன். மெஷின் இனி எழுந்திருக்காது, ஆனால் உள்ளே இருந்ததில் கொஞ்சம் எடுக்க முடிந்தது என்றார். எல்லாம் துண்டு துண்டாக, நீ வெட்டிச் சரிசெய்வதற்கு முன்னால் இருந்தபடி. உங்கள் மகள் குரல்தானா பாருங்கள் என்று காதில் மாட்டிவிட்டார்.

உன் குரல்தான். ஆனால் எனக்குத் தெரியாத குரல். ஒரு அவசரமும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி வாசித்தாய். நான் ரிப்பேர்காரரின் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். அப்போது ஹாரன். இரண்டு சின்னது, ஒரு நீளம். உலகத்தில் வேறு யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். நீ நிறுத்திவிட்டு, "அப்பா வந்தாச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். மைக்கிடம்தான் சொல்லியிருப்பாய், வேறு யார் இருக்கிறார்கள் அங்கே. அப்புறம் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தாய்.

அது பழைய பதிவு. ரிப்பேர்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் நான் வாசலுக்கு வந்து ஹாரன் அடிக்கிறேன். கொஞ்ச காலம் "அப்பா" என்று மட்டும் சொல்கிறாய். அதற்கும் அப்புறம் ஒன்றும் சொல்வதில்லை. ஹாரன் கேட்கிறது, நீ நிறுத்துகிறாய், நான் அடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்கிறாய், மறுபடி தொடங்குகிறாய். அவ்வளவுதான். திட்டுகூட இல்லை. அந்தச் சிரிப்பு எந்த நாளில் நின்றுபோனது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அதெல்லாம் அந்தத் துண்டுகளில் இல்லை. ரிப்பேர்காரர் நல்ல மனிதர். திரையைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எடுத்ததையெல்லாம் அம்மா பத்திரமாகக் கட்டி உனக்கு அனுப்புகிறாள். நான் தொடவில்லை.

அம்மா சொன்ன நாளிலிருந்து நான் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை. காரை நிறுத்தி, இறங்கி, கேட்டை நானே திறக்கிறேன். முதல் நாள் அம்மா திருடன் என்று நினைத்துக் கரண்டியோடு வந்தாள். வீடு நீ ஆசைப்பட்ட அளவுக்கு அமைதியாக இருக்கிறது. அலமாரியில் துணியை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டேன். போர்வைகள் நீ தொங்கவிட்டபடியே இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசித் துண்டில், 'அவள் கதவைத் திறந்தபோது வாசலில்' என்று வாசிக்கிறாய். அங்கே ஹாரன். மறுபடி, 'அவள் கதவைத் திறந்தபோது வாசலில்' என்கிறாய். மறுபடியும் நான். அதோடு முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கும் அந்தக் கதை தெரியவில்லை. வாசலில் யார் நின்றார்கள், மகளே? அவள் உள்ளே வரச் சொன்னாளா? லேப்டாப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் எழுது. எழுத நேரமில்லை என்றால், எப்போதாவது வந்து வாசித்துக் காட்டு. குறுக்கே பேச மாட்டேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, தொண்டை கட்டிவிடும். உன் குரல் நன்றாக இருக்கட்டும். அதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலில் இறங்கி நிற்கும்
உன் அப்பா