ஓவனில் வேகும் இன்ஜின்

டேய் தம்பி, ஓவனைத் திறக்காதே, அணைக்கவும் அணைக்காதே! உள்ளே வேகிறது உன் ரேஸ் பைக்கின் இன்ஜின் கூடு. சூட்டில் அது விரிந்தால்தான் புது பேரிங் உள்ளே இறங்கும். கடை மூடுவதற்குள் கியர் வாங்க ஓடுகிறேன். சாப்பாடு மேஜை மேல் மூடி வைத்திருக்கிறேன், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

"கடைசி ரேஸ்ல பயந்துதான் விழுந்தேன், இனி ஓட்டவே மாட்டேன்க்கா"ன்னு நேற்று கதவை அறைந்துவிட்டுப் போனாயே, கோபத்தில் ஹெல்மெட்டை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா

சொல்ல மறந்துவிட்டேன்: இன்று கியர்பெட்டியைப் பிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அடியில் உடைந்த கியர் பல் ஒன்று கிடந்தது. அதுதான் நடுவில் சிக்கி, பின்சக்கரத்தைப் பூட்டி, உன்னைத் தூக்கியடித்திருக்கிறது. பயமாம், பயம்!