மேலகரம் தோப்புகளுக்கு மறுபடியும் குளவிகள் வேண்டி

அனுப்புநர்:
ஹாஜரா பீவி,
காலஞ்சென்ற மசூது மனைவி,
மேலகரம், தென்காசி தாலுகா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா விவசாய அதிகாரி அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: தென்னையில் கருந்தலைப்புழு – மருந்து தெளித்ததில் குளவிகள் அழிந்தது – மறுபடியும் விட்டுத்தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மார்கழியில் என் தென்னந்தோப்பில் கருந்தலைப்புழு விழுந்து, ஓலைகள் தீயில் வாட்டியதுபோல் காய்ந்தன. தங்கள் இலாகா ஊழியர் பிச்சைமணி, கொசு அளவே உள்ள குளவிகளைக் கண்ணாடிக் குழாய்களில் கொண்டுவந்து விட்டார். "ஆளைக் கொட்டாது தாயி. புழுவைத் தேடிப் போயி அது மேலயே முட்டை வைக்கும். குஞ்சு அந்தப் புழுவைத் தின்னுதான் வளருது" என்றார். அப்படியே நடந்தது. மாசியில் புது ஓலை பச்சையாக விரிந்தது.

2. மாசிக் கடைசியில் மகள் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தேன். அடுத்த தோப்புக்காரர் அருமைநாயகம் தம் மரங்களில் புழுவைக் கண்டு பயந்து, டி.டி.டி. மருந்தும் ஆட்களும் வரவழைத்துத் தெளித்தார். ஆண் துணையில்லாத வீடு என்று இரக்கப்பட்டு என் தோப்புக்கும் சேர்த்தே அடித்திருக்கிறார். நான் திரும்பியதும் வாசலுக்கே வந்து, "அக்கா, ஒங்க மரத்துலயும் ஒரு ஓலை விடல. இனி கவலப்படாதீய" என்று சந்தோஷமாகச் சொன்னார். 

3. மருந்தில் குளவிகள் செத்தன. ஓலையின் அடியில் நூற்கூட்டுக்குள் கிடந்த புழுக்கள் பெரும்பாலும் தப்பி, தடுப்பாரின்றி முன்னிலும் அதிகமாகப் பெருகின. பிச்சைமணி வந்து கூடுகளைப் பிரித்துக் காட்டியபோது அருமைநாயகமும் உடனிருந்தார். எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்களுக்கும் சேத்துல்லா கெடுத்துப்புட்டேன்" என்றார். அவர் மேல் எனக்குப் புகார் எதுவுமில்லை. குளவியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டேன்.

4. என் மரங்கள் ஓரளவு தெம்பாக நிற்கின்றன. அவர் தோப்பில் குருத்தைத் தவிரப் பச்சை இல்லை. மரங்களை வெட்டிவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு கொல்லத்துக்குப் போய் முந்திரி ஆலையில் வேலை தேடுவதாக இருக்கிறார். வெட்ட ஆளும் சொல்லியாயிற்று. இம்மனுவுக்குப் பதில் வரும்வரை பொறுக்கும்படி கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறேன். இனி மருந்து அடிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

5. ஆகவே, காலதாமதமின்றிக் குளவிகளை அனுப்பவும், குளவி விட்ட இடத்துக்கு அருகில் மருந்து தெளிக்கலாகாது என்று சுற்றுவட்டாரத்தில் தண்டோரா போடவும் தயவுசெய்து உத்தரவிட வேண்டுகிறேன். கைவசமுள்ள குளவிகள் ஒரு தோப்புக்குத்தான் காணும் என்றால், அவற்றை அருமைநாயகம் தோப்பிலேயே விடச் சொல்லுங்கள். என் மரங்கள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஹாஜரா பீவி

இடம்: மேலகரம்
தேதி: 8-5-1962