கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பின்னால்

டேய் டெஸ்மண்ட்,

உங்கள் பேண்டின் புது ஆல்பம் நான் இருக்கிற ஹல் நகரம் வரைக்கும் வந்துவிட்டது. இசைத்தட்டுக் கடை ஜன்னல் முழுக்க உன் மூஞ்சிதான். டிரம்ஸில் என் இடத்தைப் பிடித்தவனும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறான்.

சனிக்கிழமைதோறும் போய், உங்கள் இசைத்தட்டுகளைக் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பின்னால் செருகிவிட்டு வருவேன். ஜூன் மாதத்தில் அங்கே யார் தேடப் போகிறார்கள்?

நேற்று கடைக்காரி இமோஜென் பிடித்துவிட்டாள்.

"சம்பளம் வர்ற வரைக்கும் ஒளிச்சு வைக்கிறீங்களா அண்ணே? அவங்க ரசிகர் எல்லாரும் இதத்தான் பண்றாங்க. இந்தாங்க, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. வாங்கிவிட்டேன்.

மட்டமாக இருக்கும் என்று நம்பித்தான் போட்டேன். மூன்றாவது, நம் பழைய பாட்டு. நான் எப்போதும் தடுமாறும் இடத்தை அந்தப் பயல் அநாயாசமாகக் கடக்கிறான்.

காலையிலிருந்து ஊசியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்கிறேன். ஒரு தடவைகூடத் தடுமாற மாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
டிரம்ஸை இன்னும் விற்காதவன்