ராத்தாவோட பின்னல்

அதெல்லாம் சரி ராத்தா, ஆனா உன் தலைய பின்னிவிட்டது யாரு? தோளுக்கு மேல கைய தூக்க முடியாத ஆளு நீ. நேத்து நான் வெளியில பூட்டிட்டுத்தான் மார்க்கெட் போனேன். வந்தா, பூட்டு அப்படியே இருக்கு, நீ எண்ணெய் வச்சு பின்னி உக்காந்திருக்க!

கேட்டா, “அடுத்த வீட்டு மெஹராஜ் மாமி வந்தாங்க, மாத்திரை புள்ளைக்கு ஆகாதுன்னாங்க”ங்கற. அவங்க குடும்பமே துபாய் போயி மூணு வருஷமாச்சு.

கூடப்பொறந்த மூத்தவன்னு பாக்காம நான் கத்தினது தப்புதான். ஆனா ஏழாம் மாசத்துல நாலு நாள் மாத்திரைய தலகாணிக்கு அடியில ஒளிச்சா கோவம் வராதா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இந்த தசை நோய் அடங்கியிருந்தா புள்ளை பெரும்பாலும் நல்லபடியா வந்துடும். மாத்திரைய நிறுத்துனா நோய் கிளம்பும், புள்ளை எடை இல்லாம, மாசம் நிறையறதுக்குள்ள பொறந்துடலாம்னு. இப்ப என்ன செய்யணும்னு கேக்கத்தான் தஞ்சாவூர் போறேன். மூணு மணிக்குள்ள வந்துடுவேன்.

கஞ்சி ஃபிளாஸ்க்ல இருக்கு. மூடிய லேசாத்தான் திருகியிருக்கேன், உன் கைக்கு வரும். இன்னைக்கு மாத்திரை பக்கத்துலயே. மச்சான் சவூதிலேர்ந்து போன் பண்ணா உண்மைய சொல்லு.

இன்னொண்ணு. இப்பதான் மாமி வீட்டு சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். தரை முழுக்க தூசி, ஒரு காலடி இல்ல. ஆனா உன் தலையில அடிக்குற அதே எண்ணெய் வாசனை.

மாமி இன்னைக்கும் வந்தா, அவங்க எதிர்லயே மாத்திரைய போடு. புள்ளை மேல நெசமா அக்கறைன்னா தண்ணி எடுத்து நீட்டுவாங்க. இல்லன்னா என்ன செய்வாங்க? நீ என்ன நினைக்கிற?